அரக்கன் சாகிற சத்தம்

சித்தி எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்த அன்று அவளுடைய இடது காதில் தோடு இல்லை. தோடு தொங்கிய சதையும் பாதி இல்லை. பிய்ந்த இடத்தில் மஞ்சளை அப்பி, சேலைத் தலைப்பால் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். மூதூரிலிருந்து முதல் லோஞ்சில் குடாவைக் கடந்து, இறங்குதுறையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கையில் பை இல்லை. பிள்ளையும் இல்லை.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் முதலில் கேட்டது, "சின்னவன் எங்கயடி?" என்றுதான்.

"தரமாட்டன் எண்டிட்டார் அக்கா. பிள்ளையை விட்டிட்டு எங்கயெண்டாலும் போய்த் துலை எண்டார். நான் வந்திட்டன்."

நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். அந்தக் காலத்து வீடுகளில் அடி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வாத்தியார் அடித்தார், அப்பா அடித்தார், அண்ணன்மார் அடித்தார்கள். மழை பெய்வது போல அதுவும் நடந்தது. ஆனாலும் அந்தக் காது வேறு மாதிரி இருந்தது. சித்தி வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபோது ஓர் ஈ வந்து காயத்தில் இருந்தது. அவள் அதை விரட்டவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் கையை வீசி அதைத் துரத்தினேன். என் கை முகத்துக்குக் கிட்ட வந்ததும் அவள் தலையைச் சட்டென்று தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். தேத்தண்ணி மடியெல்லாம் ஊற்றுப்பட்டது.

சித்தப்பாவுக்கு மூதூர்ப் பக்கம் வயலும் ஒரு உழவு இயந்திரமும் இருந்தன. கலியாணம் பேசும்போது எல்லோருக்கும் அந்த உழவு இயந்திரம்தான் கண்ணில் தெரிந்தது. அப்பாதான் பேசி முடித்துவைத்தார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எத்தனை தொன் பாரத்தையும் கண்ணாலேயே நிறுத்துவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆட்களையும் அப்படி நிறுக்கலாம் என்று அவர் நம்பினார்.

"குடிச்சால்தான் பிழை. மற்றபடி பொன்னான மனுசன். ஒரு மாதம் இருக்கட்டும், பிறகு கொண்டுபோய் விடுவம்" என்றார்.

* * *

எங்கள் முன்னறையில் ஒரு சின்ன மேசையில் அப்பாவின் ரேப் ரெக்கோடர் இருந்தது. கப்பல் சமையல்காரன் ஒருவனிடம் கருவாட்டுப் பொதி கொடுத்து மாற்றியது. அதற்கு அம்மா பூத்தையல் போட்ட துணியுறை தைத்திருந்தாள். குரலைப் பதிந்து பிடிப்பதற்கு அதில் ஒரு சிவப்புப் பொத்தான். பக்கத்துப் பொத்தானோடு சேர்த்து அழுத்தினால்தான் அது கீழே இறங்கும். அழுத்தியதும் உள்ளே ஏதோ பூனை மூச்சு விடுவது போல இருக்கும். அதைத் தொட எங்களுக்கு உரிமை இல்லை. கோயில் திருவிழாவில் பிடித்த நாதஸ்வரத்தை வெள்ளிக்கிழமைகளில் அப்பா போட்டுக் கேட்பார். அப்போது முற்றத்தில் விளையாடக்கூடாது.

சித்தி வந்து இரண்டு மூன்று கிழமையானபோது, மூதூர் லோஞ்சில் ரிக்கற் கொடுக்கிற முஸ்லிம் அண்ணர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், எங்கள் படலையில் வந்து நின்றார். ஒல்லியான மனிதர். உப்புக்காற்றில் வெளுத்த தொப்பி. சித்தப்பாவின் அக்கா அவரிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"தங்கச்சி, புள்ள நித்திரை கொள்றானில்லயாம். பொழுதுபட்டாக் கதை கேட்டு அழுறானாம். அவவுக்குக் கதை ஒண்டும் தெரியாதாம். உங்கட ஊட்டுல ரேப் இருக்குதுதானே, அதுல கதை சொல்லி அனுப்பட்டாம். அங்க போட்டுக் கேக்க ஒண்டிருக்காம். தம்பிக்காரன் வயலுக்குக் காவலுக்குப் போற நேரம் போட்டுக் காட்டுவாவாம்."

சித்தி காக்காவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அந்த மச்சாளை அவள் எங்கள் வீட்டில் ஒருநாளும் நல்லபடி சொன்னதில்லை. காது பிய்ந்த அன்று அந்த மனுசி குசினிக்குள் நின்றவள், வெளியே வரவில்லை.

"அவவோ கேட்டவ?" என்றாள்.

"ஓம். அவதான். தம்பிக்குச் சொல்லிப்போடாதீங்க எண்டும் சொன்னவ."

அம்மா அன்று பின்னேரம் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். மற்றவன் வீட்டு விஷயத்தில் கை வைக்க ஏலாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் சின்னவனின் நித்திரைக் கதைகள் எல்லாம் பட்டப்பகலில், அப்பா கிரேனில் ஏறியிருக்கிற நேரத்தில், யன்னலைச் சாத்திவைத்துக்கொண்டு பிடிக்கப்பட்டன.

* * *

முதல்நாள் அது சரிவரவில்லை. சித்தி மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு ஊரில" என்றாள். பிறகு ஒன்றும் வரவில்லை. நாடா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஏலாது அக்கா. முகம் இல்லாமல் ஆருக்கெண்டு சொல்லுறது?"

என்னைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் இருத்தினார்கள். கதை கேட்கிறவர் 'ம்' சொல்லவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் 'ம்' சொன்னேன். அதற்குப் பிறகு சித்தி திறந்துவிட்ட குழாய் மாதிரி ஆனாள். எல்லாக் கதையிலும் என்னுடைய 'ம்' இருந்தது. "ஆர் அது ம் சொல்லுறது? அவவைப் போகச் சொல்லட்டாம்" என்று சின்னவன் காக்காவிடம் சொல்லி அனுப்பினான். ஐந்து வயதுப் பொறாமை.

முதலில் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைகளைத்தான் சொன்னாள். உப்பு வீடு கட்டிய காகம், முதலையை ஏமாற்றிய நரி. ஆனால் சித்தியின் கதையில் காகம் மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டிய உடனே குருவி இரக்கப்பட்டுத் திறக்காது. அடுப்பில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கும். நரி முதலையை ஏமாற்றிவிட்டுப் போய்விடாது. திரும்பி வந்து அதன் வாலைக் கடித்துத் துண்டாக்கும். தெரிந்த கதைகள் முடிந்ததும் அவளாகவே கட்டத் தொடங்கினாள். குடாவின் அடியில் இரும்புப் பல் அரக்கன் ஒருவன் இருந்தான். கரைக்கு வந்து ஆட்டுக்குட்டிகளைத் தின்றான். ஒவ்வொரு கதையிலும் அவனை யாராவது கொன்றார்கள். தாயாடு கொம்பால் வயிற்றைக் கிழித்தது. ஆமை முதுகில் ஏற்றிப்போய்ப் பாறையில் மோதியது. அடுத்த கதையில் அவன் எப்படியோ முழு உடம்போடு திரும்பி வந்தான்.

சின்னவனுக்கு அது போதவில்லை. மாமி, அதுதான் சித்தப்பாவின் அக்கா, அவனுடைய விருப்பத்தைக் காக்கா மூலம் சொல்லியனுப்பினாள்.

"அரக்கன் சாகக்குள்ள சத்தம் கேக்கோணுமாம்."

அதற்காக நாங்கள் பட்ட பாடு! வாழைத்தண்டைக் குறுக்கே வைத்துக் கத்தியால் ஓங்கி வெட்டினால் கழுத்து விழுகிற சத்தம். சிரட்டைகளைச் சாக்கில் போட்டு மிதித்தால் எலும்பு. பூசணிக்காயை நிலத்தில் போட்டால் வயிறு. அம்மா பானைக்குள் தலையை விட்டு அலறினாள். அவள்தான் அரக்கனின் கடைசிக் குரல். அலறி முடித்துவிட்டு வெளியே வந்த அவளுடைய முகம் சிவந்திருக்கும். நாங்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அப்பா சொன்ன ஒரு மாதம் நீண்டுகொண்டே போக, எங்கள் வீட்டில் பூசணிக்காய்க் கறி அடிக்கடி இருந்தது. அப்பாவுக்குக் காரணம் தெரியாது.

ஒருநாள் அம்மாவுக்கே பயம் வந்துவிட்டது.

"பாலகனுக்கு இவ்வளவு ரத்தம் கூடாதடி."

சித்தி கத்தியிலிருந்த வாழைச்சாற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அவன் கண்ணால கண்டதைவிடக் கதையில ரத்தம் குறைவு அக்கா."

* * *

நாடாக்கள் எங்களிடம் அதிகம் இல்லை. ஒன்று போகும், ஒன்று வரும். வந்ததில் பழைய கதையை அழித்துப் புதுக்கதை பிடிப்போம். ஒரு தடவை லோஞ்சு காற்றுக்குப் பயந்து ஓடாமல் நின்றது. கையில் வெறும் நாடா இல்லை. சித்தி அப்பாவின் நாதஸ்வர நாடாவின் கடைசிப் பக்கத்தில் பிடித்தாள். அது வெறுமையான பகுதி என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா குளித்துத் திருநீறு பூசிக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். தோடி ராகம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று, "அப்ப அரக்கன் பல்லை நெறுமிக்கொண்டு எழும்பினான்" என்று சித்தியின் குரல். பிறகு என்னுடைய "ம்."

அப்பா கண்ணைத் திறந்தார். பெல்ற்றைக் கழற்றினார்.

அவர் சித்தியை அடிக்கவில்லை. மனைவியின் தங்கையைத் தொட்டு அடிக்கும் ஆள் அவர் இல்லை. 'ம்' சொன்னவளை அடித்தார். முதல் அடி தொடையில். அடுத்தது முதுகில். பிறகு நான் மேசைக்குக் கீழே ஓடியதால் பெல்ற்றின் பித்தளைப் பூட்டு என் முழங்கையைப் பிடித்தது. அந்த இடத்தில் இப்போதும் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. அம்மா கத்தினாள். சித்தி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"என்னை அடியுங்கோ அத்தான். நான்தான் பிடிச்சனான்."

"விலகு பிள்ளை. நான் அடிக்கிறது திருத்துறதுக்கு. உன்ர புருஷன் மாதிரி வெறியில இல்லை."

சித்தி அவரையே பார்த்தாள். அவளுடைய காதில் மீந்திருந்த சதைத் துணுக்கு துடித்தது. "அவரும் இப்பிடித்தான் சொல்லுறவர்" என்றாள்.

அப்பா பெல்ற்றை இடுப்பில் திரும்பக் கட்டினார். இனி இவள் இங்கே இருக்கக்கூடாது என்று அன்றே முடிவெடுத்துவிட்டார். சித்தப்பாவுக்குச் சேதி போனது. வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பெரியவர்களுக்கு முன்னால் பேசி, மனைவியைக் கூட்டிப் போகும்படி.

* * *

சித்தப்பா வெள்ளை வேட்டியும் பவுடர் மணமுமாக வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் ஈரச் சாக்கில் சுற்றிய பாரை மீனும் கொண்டுவந்தார். என் தலையைத் தடவினார். கோயில் தலைவரும் பெரிய வாத்தியாரும் முன்னறைக் கதிரைகளில் இருந்தார்கள். அப்பா நடுவில். சித்தியும் அம்மாவும் உள்ளறைக் கதவுச் சேலைக்குப் பின்னால்.

முதலில் நெல் விலை, மழை என்று போனது. பிறகு சித்தப்பா சட்டைப்பையில் கைவிட்டு ஒரு நாடாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, இதை ஒருக்காப் போடுங்கோ. உங்கட மச்சாள் என்ர பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறா எண்டு பெரியாக்களும் கேக்கட்டும்."

அப்பா போட்டார். சித்தியின் குரல் அறை முழுக்க நிரம்பியது. அரக்கன் சாரத்தை ஒருதரம் உதறி மடித்துக் கட்டுவானாம். கோபம் வந்தால் மூக்கால் சிரிப்பானாம். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சோற்றுக் கோப்பையைக் கூரைக்கு எறிவானாம். கோயில் தலைவர் முதலில் சிரித்தார். பிறகு வாழைத்தண்டு விழுந்தது, சிரட்டை நொறுங்கியது, அம்மா பானைக்குள் அலறினாள். யாரும் சிரிக்கவில்லை. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் மூக்கால் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒன்பது வயதில் நான் அவ்வளவு மந்தம்.

"நேற்று முந்தினம் பொடியன் என்ர சாரத்தைக் கட்டிக்கொண்டு முற்றத்தில ஆடுறான். என்னடா எண்டு கேட்டன். அரக்கன் சாகிறானாம். ஆர் காட்டித்தந்தது எண்டதுக்கு, மாமி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்ததைத் தானே எடுத்துத் தாறான்."

பெரிய வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "இது கதையில்லை. கொலை. பிள்ளையின்ர மனத்தில நஞ்சு வைக்கிற வேலை" என்றார். கோயில் தலைவர் தலையாட்டினார். அப்பா எங்கள் எல்லோருக்காகவும் வெட்கப்பட்டு, "பிள்ளை, வெளியில வந்து மன்னிப்புக் கேள்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

சித்தி சேலையை விலக்கிக்கொண்டு வந்தாள். பிய்ந்த காது அவர்களுடைய பக்கமாக இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"பொய்யெண்டா எதைப் பொய்யெண்டு சொல்லுங்கோ" என்றாள். "உப்புக் குறைஞ்சால் கோப்பை எறியிறேல்லையோ? சாரத்தை உதறுறேல்லையோ?"

சித்தப்பா எழுந்தார். மேசையிலிருந்த ரெக்கோடரை இரு கையாலும் தூக்கினார். வயர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அப்படியே சித்தியின் வாயில் இடித்தார். மறுபடி தூக்கி இடித்தார். அவள் சுவரோடு வழுகிக் கீழே இருந்தாள். அவளுடைய முன்பற்கள் சீமெந்து நிலத்தில் கிடந்தன. சின்னப் பற்கள். வேர் நீளமாயிருந்தது. ஒரு பல்லுக்கு இவ்வளவு நீள வேர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு பெரியவர்களும் அவரைப் பிடித்துக்கொண்டு, "சரி சரி, விடு தம்பி, விடு" என்றார்கள். அப்பாவின் வாயிலிருந்து முதலில் வந்த சொல், "ஐயோ, மெசின்!"

அதை அவர் சாகும்வரை மறக்கவில்லை என்று நினைக்கிறேன். அம்மாவும் மறக்கவிடவில்லை.

சித்தப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு படலைவரை போய்த் திரும்பிப் பார்த்தார். "இண்டைக்கு அவனுக்கும் இருக்கு. ஒளிச்சு வைச்சவளுக்கு இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்குதுறைப் பக்கம் நடந்தார்.

* * *

வாயிலிருந்து ரத்தம் கொட்டக் கொட்டச் சித்தி எழுந்து அவருக்குப் பின்னால் போனாள். அம்மா பிடித்தாள், நிற்கவில்லை. தனக்கு முன்னால் அவர் பிள்ளையிடம் போய்ச் சேரக்கூடாது என்பது மட்டும்தான் அவளுக்கு. நானும் அம்மாவும் ஓடினோம். வெயில் தார் ரோட்டை இளக்கியிருந்தது. என் வெறுங்கால் ஒட்டி ஒட்டி எழும்பியது. ஒரு கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூதூர் லோஞ்சு வந்து கட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் கோழியும் மூட்டையுமாக இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவில் உயரமான ஒரு மனுசி, இடுப்பில் பிள்ளை. மாமி. அவளுடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தம்பி வீட்டில் இல்லாத அந்த அரைநாளில் அவள் சின்னவனைத் தூக்கிக்கொண்டு அடுத்த லோஞ்சில் ஏறியிருக்கிறாள். அவர் திரும்பிப் போக வந்து நிற்கிற துறையிலேயே இறங்க நேரிடும் என்று நினைக்கவில்லை.

சித்தப்பா அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"எங்க கொண்டு போறாய்?"

"தாயிட்ட."

"தா இங்க."

"தரமாட்டன் தம்பி. கொல்லு, தரமாட்டன்."

அறைந்தார். மாமி ஆடவில்லை, ஆனால் பிள்ளை இடுப்பிலிருந்து நழுவிப் பலகையில் விழுந்தான். சித்தப்பா அவனுடைய ஒரு கையைப் பிடித்துத் தூக்கினார். ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல. அவன் அழவில்லை. மூத்திரம் மட்டும் காலால் வழிந்தது.

லோஞ்சைத் தள்ளும் நீளக் கழி ஒன்று துறை ஓரத்தில் கிடந்தது. சித்தி அதை எடுத்தாள். அவருடைய முழங்காலுக்குப் பின்னால் வீசினாள். அவர் பிள்ளையை விட்டுவிட்டுக் குப்புற விழுந்தார். அதே காலில் திரும்பவும் அடித்தாள். அதே இடத்தில். எங்கள் வாழைத்தண்டும் சிரட்டையும் சுத்தப் பொய் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எலும்பு உடைகிற சத்தம் மிகவும் சின்னது. காய்ந்த முருங்கைக் கொப்பு முறிவது போல. அதற்குப் பிறகு அவர் அலறியதும் அம்மாவின் அலறல் போல இல்லை. சின்னப்பிள்ளை போல, "அக்கா, அக்கா" என்று மாமியைக் கூப்பிட்டார்.

மாமி போகவில்லை. சின்னவனின் முகத்தைத் தன் வயிற்றோடு திருப்பிப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சித்தி தலைக்கு ஓங்கியபோது காக்கா பாய்ந்து கழியைப் பிடித்தார்.

"போதும் புள்ள. செத்துப்போவான். நீ உள்ளுக்குப் போனா இந்தப் புள்ளய ஆரு பாக்குற?"

அவள் விட்டாள்.

* * *

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொலிஸ் வந்து எழுதியது. சித்தப்பாவோ முறைப்பாடு வேண்டாம், வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டார். பெண்சாதியிடம் துறையில் அடி வாங்கியவன் என்று கோட்டு வழக்கில் படிக்கப்படுவதைவிட நொண்டுவது அவருக்கு மேலாக இருந்தது. சாகும்வரை நொண்டினார். இந்தக் கரைக்கு வரவில்லை. சித்தியும் மாமியும் பாலையூற்றில் ஒரு சின்ன வீடு எடுத்து, இடியப்பம் அவித்து விற்றுச் சின்னவனை வளர்த்தார்கள். ஒரே ஆம்பிளையிடம் அடி வாங்கிய இரண்டு பெண்கள் ஒன்றாய் இருக்கிறார்கள் என்று ஊர் கொஞ்சக் காலம் கதைத்தது. பிறகு அவர்களுடைய இடியப்பத்தைப் பற்றிக் கதைத்தது. கதை பிடித்த நாடா ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசி நாடா அன்று முன்னறையில் மிதிபட்டு, குப்பையோடு போயிற்று. அப்பா எனக்கு அதற்குப் பிறகும் அடித்திருக்கிறார். ஆனால் திருத்துவதற்காக அடிக்கிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அன்று பின்னேரத்தை.

பெரியாஸ்பத்திரிப் பெண்கள் வார்ட். சித்தியின் உதட்டில் தையல். முகம் பாதி துணிக்கட்டு. பார்வையாளர் நேரம் முடியப்போகிறது. சின்னவன் மாமியின் சேலைக்குப் பின்னால் நின்றான்; கட்டிலுக்குக் கிட்டப் போகமாட்டேன் என்றான். சித்தி கையை நீட்டினாள். அவன் வரவில்லை. அவனுக்காக அவள் வாயைத் திறந்து, "ஒரு ஊரில" என்று தொடங்கினாள். பல் இல்லாத இடத்தால் சொற்கள் வெறும் காற்றாக வந்தன.

"இது அம்மா இல்லை" என்றான் அவன். "அம்மான்ர சத்தம் இப்பிடி இல்லை."

சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அழுதாள். சின்னவன் தரையில் உட்கார்ந்து, தனக்கு நித்திரை வருகிறது, கதை வேண்டும் என்று சிணுங்கத் தொடங்கினான்.

மாமி அவனைத் தூக்கி மடியில் வைத்தாள். அவளுடைய வீங்கிய கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. "எனக்குக் கதை வராது ராசா" என்றாள். பிறகு வேறு வழியில்லாமல் தொடங்கினாள்.

"ஒரு ஊரில ஒரு மாடு இருந்துதாம்."

"பிறகு?"

"அது புல்லுத் திண்டுதாம்."

"பிறகு?"

"தண்ணி குடிச்சுதாம். படுத்துதாம்."

"புலி வந்ததோ?"

"வரேல்லை."

"அரக்கன்?"

"அவனும் வரேல்லை."

சின்னவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். "அப்ப ஆரும் சாகேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

மாமி யோசித்தாள். பக்கத்துக் கட்டில்காரிகளும் அவளுடைய பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த சித்தியின் முதுகும் அசையாமல் இருந்தது.

"எல்லாருக்கும் களைப்பு ராசா" என்றாள் மாமி.

அவன் அவளுடைய மடியில் சரிந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த மாடு என்ன நிறம் என்று கேட்டான்.